காயக் கூடாத பாட்டில்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. மடியில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருமல் மருந்து பாட்டில் அளவுதான் இருக்கும். அடியில் விரல் கனத்துக்கு வெள்ளைச் சேறு, அதன் மேல் தண்ணீர். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் சேறு கலங்கிப் பால் மாதிரி எழும்பும். பிறகு, எனக்கு அவசரம் இல்லை என்பதுபோல் மெதுவாகப் படியும்.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "இன்னா சார், தீர்த்தமா?"

"இல்லப்பா. ஸிர்கோனியம் பாஸ்பேட்."

அவர் விரலால் மூடியைக் காட்டினார். "மூடி டைட்டா இருக்குதா பாத்துக்குங்க. போன வாரம் ஒருத்தர் மோர் கொட்டிட்டாரு."

இந்தப் பொருளைப் பற்றி நான் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். இவ்வளவு உருப்படியான யோசனையை யாரும் சொன்னதில்லை. மூடியை ஒரு முறை திருகிப் பார்த்துக்கொண்டேன்.

சட்டைப் பையில் ஒரு தாள் மடித்து இருந்தது. அதைப் படித்துச் சொல்லவும், ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவும் போய்க்கொண்டிருந்தேன். யாரிடம் என்றால், அலமேலு அண்ணியிடம். என் மனைவி உண்ணாமலையின் அக்கா. அண்ணி என்னிடம் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. உண்ணாமலை போய் நாலரை மாதம்.

ஷேர் ஆட்டோ வேதியியல்

பிப்பெட்டில் அமிலத்தை வாயால் உறிஞ்சி மூன்று நாள் மோர் சாதம் சாப்பிட்ட கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "உங்களுக்கெல்லாம் யார் சார் டாக்டர் பட்டம் கொடுத்தது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம். வாங்கிக் கொடுத்தது இந்தப் பாட்டிலில் இருப்பதைச் செய்தவள்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் வாத்தியார். உண்ணாமலை பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். இரண்டு பேரும் ஒரே பேராசிரியரிடம் பகுதி நேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு என் பெயர்கூடத் தெரியாது. சத்தமாகச் சிரிக்கிற சார் என்றுதான் தெரியும்.

எங்கள் பொருள் ஒரு வெள்ளைப் பொடி. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே பார்த்தால் அடுக்கு. தகடு மேல் தகடு மேல் தகடு. ஒவ்வொரு தகட்டிலும் நடுவில் உலோக அணுக்கள், இரு முகத்திலும் பாஸ்பேட். தகடுகளுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துதான் எங்கள் சோறு.

சந்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். பௌர்ணமி அன்று, கிரிவலக் கூட்டத்தில், வேங்கிக்காலில் ஷேர் ஆட்டோ பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் ஏற முடியும். இங்கேயும் அதே கதை. ஹைட்ரஜன் இறங்கும், சோடியம் ஏறும். ஏறுகிற ஆள் தன்னோடு தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வந்தால், தகடுகள் விலகி இடம் கொடுக்கும்.

எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை எக்ஸ்ரே வைத்து அளப்போம். அளவுக்குப் பெயர் ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு. காய்ந்த பொடியில் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் 7.6 இருக்கும். பெரிய ஆள் யாரும் உள்ளே நுழைய முடியாது, கதவு மூடியாயிற்று. ஆனால் ஒரு பக்குவத்தில் செய்தால், நிறையத் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு 10.3-க்குத் திறந்து நிற்கும். ஒரே நிபந்தனை, காயக் கூடாது. காய்ந்தால் தண்ணீர் வெளியேறி மறுபடி 7.6. பூட்டிவிட்டுப் போய்விடும்.

அந்தத் திறந்த வகையைத்தான் உண்ணாமலை செய்தாள்.

நன்றி தேவையில்லை

ஸிர்கோனியம் உப்புக் கரைசலை, சுடுகிற பாஸ்பாரிக் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பிறகு கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இரண்டு முழு நாள். அப்புறம் அமிலம் போகிறவரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தடவை சரியாக வருவதற்கு அவளுக்கு ஆறு வாரம் பிடித்தது. வந்ததை வடிதாளோடு ஈரமாக ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு, தேர்வு வேலைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நான் வந்தேன். கிண்ணத்தைத் திறந்தேன். பாவம், ஈரமாகவே விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று மனசு கரைந்தது. எடுத்து ஓவனில் வைத்தேன். மொறுமொறு என்று காய்ந்ததும் வெளியே எடுத்து, ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்: "உலர்த்தி வைத்துள்ளேன். நன்றி தேவையில்லை."

சீட்டை அவள் படித்தபோது நான் எதிரில்தான் நின்றேன், நன்றியை எதிர்பார்த்து. அவள் பொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏன் சார், ஈரமா எதைப் பாத்தாலும் காயப் போட்டுடுவீங்களா?"

அவ்வளவுதான். திட்டவில்லை. ஆறு வாரம் போனது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க" என்றேன்.

"அடுத்த தடவை நீங்க கழுவுங்க."

எட்டு நாள் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் லிட்மஸ் தாளை நனைத்துப் பார்த்து, "இன்னும் புளிப்பு இருக்குது சார், இன்னொரு தடவை" என்பாள். எட்டாம் நாள் புளிப்பு போயிற்று. அவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள முடியாது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவாயிற்று. அவளுக்குத் தெளிவாக இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அவள் எதையும் அவசரமாகக் காய வைக்கிறவள் இல்லை.

பேராசிரியர் அந்தப் பொருளைப் பார்த்து, "சீக்கிரம் பயன்படுத்திடும்மா, சில நாள்தான் தாங்கும்" என்றார்.

"காயவே விடலன்னா சார்?"

"அத யாரு உக்காந்து பாத்துக்கினு இருப்பா?"

"நான்தான்."

வெள்ளிக்கிழமைச் சொட்டு

கல்யாணம் ஆன பிறகு, இரண்டு பேரில் ஒருவர்தான் ஆராய்ச்சிக்கு நீண்ட விடுப்பு எடுக்கலாம் என்ற நிலை வந்தது. சீட்டுக் குலுக்கிப் பார்ப்போமா என்றேன், வேடிக்கையாக. "எதுக்கு, நீங்க முடிங்க" என்றாள். நான் "சரி" என்றேன்.

ஒரு தடவையாவது "வேணாம், நீ முடி" என்று சொல்லியிருக்கலாம். வாய் ஓயாமல் பேசுகிறவன் என்று ஊருக்குள் எனக்குப் பெயர். அன்றைக்கு ஒரே ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

என் ஆய்வேட்டில் பாதி அவள் திருத்தியது. மீதிப் பாதியில் பிழை இருப்பதாகப் பின்னால் தெரிந்தது.

ஆராய்ச்சியை விட்டபோது, கடைசியாகச் செய்ததில் மிச்சத்தை மட்டும் ஒரு பாட்டிலில் வீட்டுக்கு எடுத்து வந்தாள். எலுமிச்சை ஊறுகாய்க்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் கதவில், அது குடியேறியது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய கையோடு பாட்டிலைத் திறந்து, இங்க் ஃபில்லரால் சில சொட்டுத் தண்ணீர் விடுவாள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர். அதற்காகவே மாடிப்படிக்கு அடியில் ஒரு கேன் இருக்கும். வேறு தண்ணீர் ஆகாது. எங்கள் ஊர் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அதில் இருக்கிற உப்பெல்லாம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிற கூட்டம்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, துளியூண்டு எடுத்து எக்ஸ்ரே வசதி உள்ள இடத்துக்கு யாரிடமாவது கொடுத்து அனுப்புவோம். ஒவ்வொரு தடவையும் 10.3. சில நாள் தாங்கும் என்ற பொருள், எங்களோடு மூன்று வீடு மாறியது. ஐந்து ஃப்ரிட்ஜ் பார்த்தது.

"இத எழுதி அனுப்பு உண்ணா, பேரு வரும்" என்பேன்.

"எழுதிட்டா முடிஞ்சிடும்ங்க. இன்னும் எத்தினி நாளுன்னு பாக்கலாம்."

ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தாள். வெள்ளிக்கிழமை வந்தால், "பாட்டில் பாத்தீங்களா?" என்று கேட்பாள். "உன்னவிட அதுக்குத்தான் கவனிப்பு ஜாஸ்தி" என்பேன். சிரிப்பாள். கடைசி வெள்ளிக்கிழமை அவள் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், "உண்ணா, பாட்டிலுக்குத் தண்ணி விட்டாச்சி." கண்ணைத் திறந்து மூடினாள். கேட்டதா என்று தெரியாது.

அரை மார்க்

அவளை எடுத்துப் போன அன்று, வீடு முழுக்கச் சனம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் நினைவுக்கு வந்தது. அலமேலு அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, ஃப்ரிட்ஜில ஒரு சின்ன பாட்டில் இருக்குது. உண்ணாமலை செஞ்சது. அது மட்டும் காயக் கூடாது. தண்ணி பாத்துக்கங்க."

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க வாத்யாரே" என்றார் அண்ணி.

அதன் பிறகு பதினாறு நாளும் நான் வெளி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களை எல்லாம் சிரிக்க வைத்து அனுப்பினேன். "மனுசனுக்கு எவ்ளோ தைரியம்" என்று பேசிக்கொண்டார்கள். அவள் படுத்திருந்த அறையில் விளக்கு எரிந்தது. பக்கத்தில் வழக்கப்படி ஒரு சொம்புத் தண்ணீர் அவளுக்காக வைத்து, தினமும் மாற்றினார்கள். அந்த அறைக்குள் நான் காலே வைக்கவில்லை. தைரியம் அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஊறுகாய் இருந்தது. பாட்டில் இல்லை.

அந்த அறையில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடியில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். கழுத்தில் காய்ந்துபோன ஒரு முழம் மல்லிகை. வழிய வழியத் தண்ணீர்.

"அண்ணி, இது இன்னா தண்ணி?"

"சொம்புத் தண்ணிதான். அவளுக்கு மாத்தும்போதெல்லாம் இதுக்கும் மாத்தினேன். பழசச் செம்பருத்திக்கு ஊத்திட்டு, புதுசா ஊத்திக்கினு இருந்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "ஒரு நாளும் காய வுடல."

பதினாறு நாள். பதினாறு தடவை போர்த் தண்ணீர். ஊற்றி, கொட்டி, ஊற்றி. ஓர் ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே கெடுக்க நினைத்தாலும் இவ்வளவு ஒழுங்காகக் கெடுத்திருக்க முடியாது.

"படிக்கட்டுக்குக் கீழ கேன் இருந்துதே!"

"இருந்துது. பேட்டரித் தண்ணின்னு எழுதியிருந்துது." அண்ணிக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எந்தங்கச்சி கையால செஞ்சதுக்குப் போயி பேட்டரித் தண்ணியையா ஊத்துவேன்?"

நான் கத்தினேன். பதினாறு நாள் வராந்தாவில் சிரிக்க வைத்ததெல்லாம் சேர்ந்து கத்தலாக வந்தது. இத்தனை வருஷம் அவள் காத்தது போச்சு என்றேன். கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னேன்:

"படிக்காதவங்க கையில குடுத்தா இப்பிடித்தான் ஆகும்."

அண்ணி பாட்டிலைக் கையில் எடுத்தார். முந்தானையால் பாட்டிலில் இருந்த விபூதியைத் துடைத்து, குங்குமத்தைத் துடைத்து, என் கையில் கொடுத்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அண்ணி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். அவர்கள் வீட்டு மல்லாட்டைக் கொல்லையில் ஒரு ஆள் கம்மியாக இருந்தது. இரண்டு பெண்களில் ஒருத்தி பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டும் என்றபோது, "அவ நல்லா படிக்கறா, நான் நின்னுக்கறேன்" என்று நின்றவர். உண்ணாமலை எனக்கு இதைச் சொன்னது கல்யாணத்துக்கு முன்பே. "எங்கக்கா மல்லாட்டை புடுங்குன கையாலதான் நான் டெஸ்ட் டியூப் புடிக்கறேன்" என்பாள்.

அக்கா தங்கைக்கு விட்டுக்கொடுத்தாள். தங்கை எனக்கு விட்டுக்கொடுத்தாள். இரண்டையும் வாங்கி முழுங்கிய ஆள், படிக்காதவங்க என்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் 'நீர்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் அரை மார்க் வெட்டியிருக்கிறேன். அழுதாலும் போட மாட்டேன். அப்படிப்பட்டவன் அண்ணியிடம் என்ன சொன்னேன்? தண்ணி பாத்துக்கங்க. அவ்வளவுதான் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டார்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. மாதாந்திரப் படையலுக்கும் வரவில்லை. இலையில் உண்ணாமலைக்குப் பிடித்ததை எல்லாம் நானே சமைத்து வைத்தேன். அவள் இருந்திருந்தால் வாயில் வைத்திருக்க மாட்டாள்.

நித்யாவின் போன்

என் பழைய மாணவி நித்யா இப்போது வேலை பார்க்கும் இடத்தில் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. பாட்டிலில் இருந்து ஒரு துளிச் சேறு எடுத்து, ஈரம் போகாமல் கட்டி அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. பிணப் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் ஆறுதலும் எதிர்பார்த்தேன்: ஒருவேளை 10.3 அப்படியே இருந்தால், அண்ணியும் தப்பினார், நானும் தப்பினேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது.

"சார், 10.3 இல்ல சார்."

 "7.6-ஆ?" என்று கேட்கப் பயந்தேன். அவளே சொன்னாள்.

"11.8 வருது சார். ரெண்டு தடவை பாத்துட்டேன்."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"சோடியம் பாதி எடத்துல ஏறியிருக்குது சார். கொஞ்சம் கால்சியமும் இருக்குது. தண்ணியோட சேந்து ஏறினதுல தகடு இன்னும் வெலகியிருக்குது. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாத்தான் இப்பிடி வரும். யாரு சார் பண்ணது?"

"எங்க அண்ணி."

"அவங்களும் கெமிஸ்ட்ரியா சார்?"

"ஆமாம்மா."

"எந்த காலேஜ் சார்?"

"கீழ்பென்னாத்தூர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். 

சொம்பு

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தேன். அண்ணி வாசலில் சாக்கை விரித்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"வாத்யாரு இன்னா இந்தப் பக்கம்?"

"உங்களப் பாக்கத்தான் அண்ணி."

"படிக்காதவங்களப் பாக்க எதுக்கு அவ்ளோ தூரம்?"

எதிரில் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் நான்கைந்து வேடிக்கை தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் எடுக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"தப்பா பேசிட்டேன். தப்பும் என் மேலதான். எந்தத் தண்ணின்னு நான் சொல்லல."

"சொல்லியிருக்கணும் இல்ல? படிச்சவரு."

"அரை மார்க் கொறச்சிக்கங்க."

"அரையா?" அண்ணி ஒரு மல்லாட்டையை நசுக்கினார். "மொத்தமும் போச்சி வாத்யாரே."

அப்புறம் அவர் பார்வை பாட்டிலுக்குப் போயிற்று.  கேட்டபோது குரல் மாறியிருந்தது.

"நெசத்த சொல்லுங்க. நான் கெடுத்துட்டேனா?"

நித்யா அனுப்பிய எக்ஸ்ரே தாளை எடுத்து விரித்தேன். வளைகோட்டில் உயர்ந்து நின்ற இடத்தைக் காட்டினேன். பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. உண்ணாமலை வைத்திருந்த பொருள் விஷயத்தில் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அவ வச்சிருந்த அளவு இல்ல, அண்ணி. அது போயிடுச்சி. இனிமே வராது."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டார். கண் நிரம்பியது. "மூடிக்கிச்சா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "உங்களுக்கு யாரு சொன்னது, மூடும்னு?"

"அவதான். வரும்போதெல்லாம் சொல்லுவா. காஞ்சா மூடிக்கும்க்கா, காயாம இருந்தா தெறந்தே இருக்கும்க்கான்னு. எனக்கு இன்னா புரியும்? ம்... ம்...ன்னு கேட்டுக்கினு இருப்பேன்." மூக்கை உறிஞ்சினார். "சொல்லுங்க. மூடிக்கிச்சா?"

"மூடல. முன்னவிட ஜாஸ்தியாவே தெறந்துருக்குது. உங்க தண்ணி உள்ள போயிருக்குது."

"அவளுக்கு வச்ச தண்ணிங்க அது."

"ஆமாம்."

அண்ணி பாட்டிலை வாங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பஸ்ஸில் கலங்கியது இன்னும் முழுசாகப் படியவில்லை. நான் எவ்வளவு திருகியும் மூடி வழியாகக் கசிந்திருக்கிறது. தண்ணீர் விரற்கடை இறங்கியிருந்தது. என் பேன்ட் மடியிலும் ஈரம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கண்டக்டர் சொன்னதைச் சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

"கொறஞ்சிருக்குது பாருங்க" என்றார் அண்ணி. "ஒரு வேலை ஒழுங்கா செய்யத் தெரியல."

எழுந்து உள்ளே போனார். சொம்பு உருளும் சத்தம் கேட்டது, தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, சொம்பைச் சாய்த்தார்.

எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.